அலுவலுக்கு ஒரு நாள், கண்ணுக்கு ஒரு நாள்

கிளிநொச்சி பஸ் நிலையத்தில் பையோடு நிற்கும் ஒருவரைத் தெரிந்தவர் யாரும் கண்டால், "எங்க, கொழும்புக்கோ?" என்பார். அடுத்த கேள்வி அதே மூச்சில் வரும்: "என்ன அலுவல்?" வன்னியில் இதற்கு ஒரு சில பதில்கள்தான் உண்டு. மகரகமவில் கிளினிக். கண்ணாஸ்பத்திரியில் ஒப்பரேஷன். பாஸ்போர்ட். தூதரகத்தில் நேர்முகம். புதுக்கடையில் வழக்கு. வெளிநாட்டிலிருந்து வரும் அண்ணாவைக் கூட்டிவரக் கட்டுநாயக்க. "சும்மா, கொழும்பைப் பாத்திட்டு வரத்தான்" என்று ஒருவர் சொல்லிக் கேட்பது அருமை.

அதனால்தான், பத்துத் தரம் போய் வந்தவரிடம் அந்த நகரத்தைப் பற்றிக் கேட்டாலும் அவர் ஒரு வரிசையையும், கையில் கொடுத்த இலக்கத் துண்டையும், வெக்கையையும், இரவு பஸ்ஸில் வீங்கிய காலையும்தான் சொல்வார். விடியப் போய் இறங்கி, இருட்டத் திரும்பி ஏறியிருப்பார். கூடப் போன பிள்ளைக்கு, ஆஸ்பத்திரி வாசலில் வாங்கிக் கொடுத்த பணிசும் பால் பக்கற்றும்தான் கொழும்பு.

முதல் தரம் கொழும்புக்கு வெளிக்கிடும் வன்னிக் குடும்பங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: அலுவல் இருந்தால் அதற்கு ஒரு நாளைக் கொடுங்கள். அலுவலே இல்லாத இன்னொரு நாளையும் வைத்துக்கொள்ளுங்கள். காசும் நேரமும் இடம் தராவிட்டால் அரை நாளாவது வேண்டும். பயணத் திட்டம் என்பதெல்லாம் அந்த அரை நாளைக் காப்பாற்றுவதற்கான வழிதான்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கொழும்பைச் சும்மா போய்ப் பார்க்கிற பழக்கம் எங்களிடம் ஒருகாலத்தில் இருந்தது. யாழ்தேவி ரயில் 1956இல் ஓடத் தொடங்கியது. காலையில் அதில் ஏறிப் பின்னேரம் கோட்டையில் இறங்கிய தலைமுறை ஒன்று இருந்தது. ஆடிவேல் பார்க்கவும், படம் பார்க்கவும், மிருகக்காட்சிச்சாலை பார்க்கவும் போனவர்கள் அவர்கள். 1990 ஜூனில் வவுனியாவுக்கு வடக்கே ரயில் நின்றுபோனது. யுத்த நிறுத்தத்தோடு 2002 ஏப்ரலில் ஏ9 திறந்தது. 2006 ஓகஸ்டில் முகமாலைச் சோதனைச் சாவடி மூடப்பட்டது, ஓமந்தைச் சாவடியும் நாளுக்கு நாள் இறுகியது. அந்த ஆண்டுகளில் வன்னியை விட்டு வெளியேற அந்தப் பக்கம் ஒரு பாஸ், வவுனியாவில் நிற்க இந்தப் பக்கம் இன்னொரு பாஸ். இரண்டு பக்கத்திலும் கேட்கப்பட்டது அதே கேள்வி: என்ன அலுவல்?

கொழும்புக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் அந்தக் கேள்வி விடவில்லை. லொட்ஜில் தங்கினால் பொலிஸ் பதிவு. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில், தக்க காரணம் இல்லாமல் தங்கியிருக்கிறார்கள் என்று சொல்லி, கொழும்பு லொட்ஜ்களிலிருந்து 376 தமிழரைப் பஸ்களில் ஏற்றி வடக்கு கிழக்குக்கு அனுப்பினார்கள். பெரும்பாலான பஸ்கள் வந்து நின்றது வவுனியாவில். மறுநாளே உயர் நீதிமன்றம் தலையிட்டு இந்த வெளியேற்றத்தைத் தடுத்து உத்தரவிட்டது. ஆனால் சொந்த நாட்டின் தலைநகரில் நிற்பதற்குக் காரணம் காட்ட வேண்டும் என்ற நினைப்பு அதற்குள் எத்தனையோ வீடுகளில் ஊறிவிட்டது. நீதிமன்றக் கட்டளையால் அதை அழிக்க முடியாது, போய்வந்துதான் அழிக்க வேண்டும்.

ரயில் 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்குத் திரும்ப வந்தது. அடுத்த ஆண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தது. ஓமந்தைச் சோதனைச் சாவடி 2015 ஓகஸ்டில் எடுக்கப்பட்டது. இன்று இருபது வயதில் இருக்கும் பிள்ளை யாரிடமும் பாஸ் கேளாமல் டிக்கெட் எடுத்து ஏறலாம். அந்தப் பிள்ளையும் கோப்பு மட்டையோடு போய்க் கோப்பு மட்டையோடு திரும்பினால் எனக்கு மனம் பொறுக்காது.

திட்டத்தின் முதல் வேலை வீட்டில் இருந்தபடியே செய்வது. கையில் உள்ள அலுவலுக்கு உண்மையிலேயே கொழும்பு வேண்டுமா என்று பாருங்கள். பாஸ்போர்ட் என்றால் முன்பு பத்தரமுல்லை ஒன்றே கதி என்று நினைத்தோம். வவுனியாவில் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் நெடுநாளாக இயங்குகிறது. 2025 செப்டெம்பரில் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்திலும் ஒன்று திறந்தார்கள். புற்றுநோய்ச் சிகிச்சை என்றால் தெல்லிப்பழையில் முடிவது எது, மகரகமவுக்குத்தான் போக வேண்டியது எது என்று உங்கள் வைத்தியரிடம் நேரே கேளுங்கள். பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி போன்றவற்றுக்கு முதலில் உங்கள் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். 1919 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அரசாங்கத் தகவல் நிலையத்தில் தமிழில் பதில் கிடைக்கும். எந்தத் திணைக்களம், என்னென்ன பத்திரம், எத்தனை பிரதி என்பதை அங்கே கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு போட்டோப் பிரதி குறைந்ததால் ஒரு பகல் முழுவதும் போன கதை எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒன்று இருக்கிறது.

அடுத்தது நாள் பார்ப்பது. பஞ்சாங்கத்தில் நல்ல நாள் பார்ப்பவர்கள் கூடவே பௌர்ணமியையும் பாருங்கள். போயா தினத்தில் அலுவலகம் இல்லை, கடைகளிலும் பாதி பூட்டு. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் கொழும்பே ஊருக்குப் போய்விடும். பஸ்ஸில் இடம் கிடையாது, புறக்கோட்டைக் கடைகள் திறக்க நாளாகும். மழையும் எங்கள் கணக்கில் பெய்வதில்லை. இங்கே நிலம் வெடித்துக் கிடக்கும் வைகாசி, ஆனியில் அங்கே தென்மேற்குப் பருவமழை ஊற்றும். ஐப்பசியில் பின்னேரம்தோறும் இடியோடு மழை. தை முதல் பங்குனி வரை வானம் பெரும்பாலும் வெளித்திருக்கும். காலபோக வெள்ளாமை வெட்டி, நெல்லுக் காசு கையில் வந்து, சிறுபோகத்துக்கு வயலில் இறங்குவதற்கு முன்னால் உள்ள இடைவெளியும் கிட்டத்தட்ட அதுதான். கமக்காரக் குடும்பத்துக்கு அதைவிட வாய்ப்பான காலம் இல்லை. அலுவல் உள்ளவர்கள் வியாழக்கிழமை அலுவலகத்தில் நிற்கும்படி போங்கள். ஏதும் பிசகினால் வெள்ளி இருக்கிறது. பிசகாவிட்டால் வெள்ளி உங்களுடையது.

வவுனியாவில் இருப்பவர்களுக்குப் பயணம் இலகு. ரயிலும் உண்டு, பஸ்ஸும் அடிக்கடி உண்டு. கிளிநொச்சியிலிருந்து ஏறக்குறைய 330 கிலோமீற்றர். பஸ் என்றால் ஏழெட்டு மணித்தியாலம் எடுக்கும். முல்லைத்தீவு மாவட்டத்துக்குள் ரயில் தொடுவது மேற்கு ஓரத்தில் மாங்குளத்தை ஒட்டித்தான். முல்லைத்தீவு நகரத்தில் இருப்பவர் ரயில் பிடிக்க ஐம்பது கிலோமீற்றர் அளவு மேற்கே வரவேண்டும். வயதானவர்களோடும் குழந்தைகளோடும் போகிறவர்களுக்கு நான் ரயிலையே சொல்வேன். எழுந்து நடக்கலாம், கழிப்பறை உண்டு, நீரிழிவுக்காரருக்கு அதுவே பெரிய ஆறுதல். ஆசனத்தை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். விடுமுறைக் காலத்தில் கடைசி நேரம் போனால் கதவடியில் நின்றுதான் போக வேண்டும். நேர அட்டவணை அடிக்கடி மாறுகிறது. பாதை திருத்த வேலைக்காக மாதக்கணக்கில் ரயில் நின்ற காலமும் உண்டு. ஆகவே வெளிக்கிடுவதற்கு முதல் நாள் ஸ்டேஷனில் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

இரவு பஸ்ஸுக்கு வேறொரு வசதி. சாப்பிட்டு ஏறினால், முறிகண்டிப் பிள்ளையாரடியில் இறங்கிக் கற்பூரம் கொளுத்தி, கச்சான் பை ஒன்றை வாங்கிக்கொண்டு கண்ணயரலாம். மதவாச்சி, அநுராதபுரம், புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு என்று போய் விடியற்புறம் கொழும்பில் இறங்குவீர்கள். விடியற்புறம் என்பதுதான் சிக்கல். நாலு மணிக்கு இறங்கினால் எந்த வாசலும் திறந்திருக்காது. பெண்பிள்ளைகளோடு புறக்கோட்டைத் தெருவில் நிற்க வேண்டாம். பக்கத்தில் இருக்கும் கோட்டை ரயில் நிலையத்துக்கு நடந்து, அங்கே வெளிச்சத்தில் இருந்து முகம் கழுவி, தேத்தண்ணி குடித்துவிட்டுப் புறப்படலாம். பொதி வைக்கும் இடமும் அங்கே உண்டு. கூட்டத்தில் யாரும் தவறிப்போனால் எங்கே வந்து நிற்பது என்பதை முதலே பேசி வையுங்கள். நிலையத்தின் முன்னால் நிற்கும் ஒல்கொட் சிலை அதற்குத் தோதான இடம், யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். புறக்கோட்டை மத்திய பஸ் நிலையத்தில் 2025இல் திருத்த வேலை தொடங்கியதிலிருந்து பஸ்கள் நிற்கும் இடங்கள் மாறியிருக்கின்றன. திரும்பும் பஸ் எங்கிருந்து வெளிக்கிடும் என்பதை, இறங்கும்போதே கொண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தங்கும் இடத்தைப் பெரும்பாலானோர் சொந்தக்காரர் வீட்டை வைத்தே முடிவு செய்கிறார்கள். வெள்ளவத்தையில் இரண்டு அறை பிளட்டில் ஆறு பேர் இருக்கும் வீட்டுக்கு நாலு பேராகப் போய் இறங்குவது இரண்டு பக்கத்துக்கும் கரைச்சல். ஒரு இரவுக்கு லொட்ஜ் எடுப்பதில் குறை ஒன்றும் இல்லை, அத்தையைப் பின்னேரம் போய்ப் பார்த்து ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வரலாம். தமிழில் பேசி அறை எடுக்கக்கூடிய பகுதிகள் முக்கியமாக மூன்று: தெற்கே வெள்ளவத்தையும் பம்பலப்பிட்டியும், வடக்கே கொட்டாஞ்சேனை, நடுவே செட்டியார் தெருவும் அதைச் சூழ்ந்த புறக்கோட்டையும். எதை எடுப்பது என்பதை உங்கள் அலுவல் தீர்மானிக்கட்டும். புதுக்கடை நீதிமன்றம் என்றால் கொட்டாஞ்சேனை கிட்ட. தேசிய வைத்தியசாலை, கண் வைத்தியசாலை என்றால் மருதானை ஸ்டேஷனில் இறங்கலாம். வடக்கிலிருந்து வரும் ரயில் மருதானையைத் தாண்டித்தான் கோட்டைக்குப் போகிறது. சில ரயில்கள் கோட்டையோடு நில்லாமல் கல்கிசை வரை போகும். வெள்ளவத்தையில் தங்குகிறவர்கள் அதைக் கேட்டுப் பதிவு செய்தால் புறக்கோட்டை நெரிசலில் இறங்கவே தேவையில்லை. எங்கே தங்கினாலும் தேசிய அடையாள அட்டையின் அசல் கையில் இருக்க வேண்டும். லொட்ஜில் அதைப் பார்த்துப் பதிவார்கள், அவ்வளவுதான்.

முதல் தரம் போகிறவரைக் கொழும்பில் திணறடிப்பது தூரம் இல்லை, பெயர்தான். நாங்கள் புறக்கோட்டை என்பதை பஸ்ஸில் நிற்பவர் பிட்டகொட்டுவ என்று கூவுவார். கொட்டாஞ்சேனை கொட்டஹேன ஆகும். கறுவாத்தோட்டம் குருந்துவத்த, முகத்துவாரம் மோதர, புதுக்கடை அலுத்கடே. இன்னொன்றையும் கவனியுங்கள். ரயில் நிலையம் இருப்பது கொழும்புக் கோட்டை, சிங்களத்தில் கொட்டுவ. பாராளுமன்றம் இருப்பது ஸ்ரீ ஜயவர்த்தனபுரக் கோட்டை, சிங்களத்தில் கோட்டே. தமிழில் இரண்டுமே கோட்டை என்றுதான் எழுதப்படுகிறது. ஓட்டோக்காரரிடம் வெறுமனே "கோட்டை" என்றால் எட்டுப் பத்துக் கிலோமீற்றர் வேறு திசையில் போய் நிற்கக்கூடும்.

பெயரை விட்டுவிட்டு பஸ் இலக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். காலி வீதி நெடுகப் போக 100, 101. கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை எல்லாம் அதில் வரும். மகரகமவுக்கு 138. அதே 138 நூதனசாலைப் பக்கமாகவும் போகிறது. பத்தரமுல்லைக்குப் புறக்கோட்டையிலிருந்து 190, கொள்ளுப்பிட்டியிலிருந்து 177. இந்த ஐந்து இலக்கத்தையும் கையில் எழுதி வைத்திருப்பவர் வாய் திறக்காமலே பாதிக் கொழும்பைச் சுற்றலாம். வாய் திறக்க வேண்டி வந்தாலும் பயம் வேண்டாம். "மேக்க மகரகம யனவாத?" என்றால் இது மகரகமவுக்குப் போகுமா என்று அர்த்தம். "பஹினவா" என்றால் இறங்கப் போகிறேன். "கீயத?" என்றால் எவ்வளவு. "தெமள தன்னவாத?" என்று கேட்டுப் பாருங்கள், தமிழ் தெரிந்தவர் பக்கத்திலேயே நிற்பார். கொழும்பு மாநகரத்துக்குள் தமிழ் பேசும் மக்கள் ஏராளம். மலையகத்தார், முஸ்லிம்கள், கொட்டாஞ்சேனையில் பரம்பரையாக இருக்கும் தமிழர் எல்லாரும் இருக்கிறார்கள். வன்னியிலிருந்து போகிறவர் அங்கே அந்நியர் இல்லை.

ஓட்டோ என்றால் பிக்மீ செயலியைப் பிள்ளைகளின் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். 2015 முதல் ஓடும் உள்ளூர்ச் சேவை அது. போகும் இடத்தைப் போனில் குறித்தால் கூலி முன்பே தெரிந்துவிடும், பேரம் பேச வேண்டியதில்லை. ஆனால் காலையும் பின்னேரமும் காலி வீதி நெரிசலில் ஓட்டோவும் நிற்கத்தான் செய்யும். அந்த நேரத்தில் கோட்டையிலிருந்து வெள்ளவத்தைக்குக் கரையோர ரயிலை எடுங்கள். கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை. தண்டவாளத்துக்கும் அலைக்கும் நடுவில் கருங்கல் வரிசை ஒன்றுதான். வலப்பக்க யன்னலில் பிள்ளையை இருத்துங்கள். ஒரு தேத்தண்ணிக் காசுகூட வராத டிக்கெட்டில் இதைவிட நல்ல சுற்றுலாவைக் கொழும்பில் யாராலும் காட்ட முடியாது.

இனி, அலுவல் இல்லாத அந்த நாள். பார்க்கும் இடங்களின் பட்டியலை யாரும் நீளமாகத் தருவார்கள். தாமரைக் கோபுரம், துறைமுக நகரம், சுதந்திர சதுக்கம், கங்காராமை, தெகிவளை மிருகக்காட்சிச்சாலை, பெரிய பெரிய கடைத்தொகுதிகள் எல்லாம் அதில் இருக்கும். எல்லாவற்றையும் ஒரு நாளில் அடித்து முடிக்க நினைத்தால் திரும்பவும் வரிசைதான், வாகனம்தான், கால்வீக்கம்தான். மூன்று இடம் போதும். என் தெரிவைச் சொல்கிறேன், உங்களுக்குப் பிடித்ததை மாற்றிக்கொள்ளலாம்.

காலையில் நூதனசாலை. 1877இல் திறக்கப்பட்ட வெள்ளைக் கட்டடம், முன்னால் பெரிய ஆலமரங்கள். உள்நாட்டவருக்கு நுழைவுச் சீட்டுக்குச் சிறு தொகைதான். கண்டி அரசனின் சிம்மாசனத்தையும் முடியையும் பார்க்கத்தான் எல்லாரும் போவார்கள். நீங்களும் பாருங்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒரு கல்லைத் தேடிப் போங்கள். காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு அது. ஆளின் நெஞ்சளவு உயரம் வரும் தட்டையான பலகைக்கல். வளைந்த தலைப்பில் இரண்டு நாகங்கள் எதிரெதிரே நெளிகின்றன. நாகம் என்று எங்கள் கண்ணுக்குப் படுவது சீனத்து ட்ராகன். வலது பாதியில் சீன எழுத்து நிரை நிரையாக இறங்குகிறது. இடது பாதியில் மேலே தமிழ், கீழே பாரசீகம். 1409ஆம் ஆண்டுத் திகதி பொறித்தது, சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோவின் கப்பலில் வந்தது. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெற்கே தேவேந்திரமுனையில் கோயில் கொண்டிருந்த திருமாலுக்கும், பாரசீகப் பகுதி அல்லாவின் பெயராலும் காணிக்கை சொல்கிறது. பொன், வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய் என்று பொருட்பட்டியல் நீள்கிறது. இந்தக் கல் 1911இல் காலியில் ஒரு மதகின் மேல்மூடியாகக் கிடந்தபோதுதான் கண்டெடுக்கப்பட்டது.

அதன் முன்னால் பிள்ளைகளை ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். எழுத்து இன்றைய தமிழ்போல் இராது, மெல்ல மெல்லத்தான் ஒன்றிரண்டு எழுத்துப் பிடிபடும். சீனத்திலிருந்து இந்தத் தீவுக்குக் கப்பல் அனுப்பியவர்கள், 600 ஆண்டுகளுக்கு முன், தெற்கு முனையில் நாட்டுவதற்கென்று கொண்டுவந்த கல்லில் தமிழும் வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள். தமிழ் வடக்கோடும் கிழக்கோடும் நின்றுவிடும் பாஷை என்று எந்தப் பக்கத்திலிருந்து யார் சொன்னாலும், அந்தப் பிள்ளைக்குக் காட்டிப் பேச ஒரு கல் இருக்கும். அதே கட்டடத்தில் பொலன்னறுவைச் சிவன் கோயில்களில் கிடைத்த வெண்கலங்களும் இருக்கின்றன. நடராசர், உமை, நாயன்மார் எல்லாரும் வரிசையாக நிற்க, காரைக்கால் அம்மையார் எலும்பும் தோலுமாக இருந்து தாளம் போடுகிறார். சைவப் பாடப் புத்தகத்தில் படித்தவரை நேரே பார்க்கும் பிள்ளையின் முகத்தைக் கவனியுங்கள்.

மதியம் செட்டியார் தெரு. நகைக்கடைகளுக்கு நடுவே கதிரேசன் கோயில்கள் இருக்கின்றன, ஆடிவேல் புறப்படுவது இங்கிருந்துதான். அதே தெருவில் பூபாலசிங்கம் புத்தகசாலை இருக்கிறது. கிளிநொச்சியில் கிடைக்காத புத்தகங்களை வாங்க அங்கே ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். நடக்க முடிந்தவர்கள் கொச்சிக்கடைப் பக்கம் போகலாம். சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாலேயே எழுப்புவித்த பொன்னம்பலவாணேசுவரர் கோயில் அங்கே. வெளியே உச்சி வெயில் எரிக்கும்போதும் உள்மண்டபத்தில் கல் குளிர்ந்திருக்கும். வாசிக்கிற பிள்ளை இருக்கும் வீடென்றால் புத்தகக் கடைக்குப் பதிலாக வெள்ளவத்தையில் 1942 முதல் இயங்கும் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகத்துக்குப் போகலாம். புரட்டாதி மாதப் பயணம் என்றால் பண்டாரநாயக்க மண்டபத்தில் நடக்கும் சர்வதேசப் புத்தகக் கண்காட்சியோடு நாளை ஒட்டிப் போடுங்கள்.

புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களில் உடுப்பு வாங்க ஆசைப்படுவீர்கள். வாங்குங்கள். ஆனால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், பையைச் சுமந்துகொண்டு ஊர் பார்க்க முடியாது. காசை ஒரே இடத்தில் வையாமல் பிரித்து வைப்பதும், பெண்கள் கைப்பையை முன்னால் போட்டுக்கொள்வதும் அந்த நெரிசலில் நல்லது. அலுவலக வாசல்களில் "நான் கெதியா எடுத்துத் தாறன்" என்று கிட்ட வருபவரிடம் பத்திரத்தையோ காசையோ கொடுக்காதீர்கள். தமிழில் பேசுகிறார் என்பதற்காக நம்பவும் வேண்டாம். யாருக்கும் உடம்புக்கு முடியாமல் போனால் 1990, இலவச அம்புலன்ஸ்.

பின்னேரம் காலிமுகத்திடல். ஆளுநர் ஹென்றி வார்ட் 1859இல் கொழும்பின் பெண்களும் பிள்ளைகளும் காற்று வாங்கவென்று ஒதுக்கிய வெளி அது. இறால் வடை வாங்கிக்கொண்டு கடல் மதிலில் இருங்கள். வன்னியிலிருந்து போகிறவர்கள் இந்த இடத்தைப் பற்றி ஒன்றைத் தெரிந்து போக வேண்டும். 2022இல் நாடு முழுவதும் பெற்றோலுக்கும் காசுக்கும் தவித்தபோது, இந்தத் திடலில் மாதக்கணக்கில் கூடாரம் போட்டுப் போராடியவர்களில் அதிகம் பேர் சிங்கள இளைஞர்கள். அந்த ஆண்டு மே 18ஆம் திகதி அவர்களோடு தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து, இதே கடலைப் பார்த்து முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் செய்தார்கள். கஞ்சி காய்ச்சிப் பகிர்ந்தார்கள். முல்லைத்தீவில் அதே கஞ்சியைக் காய்ச்சப் பயந்து பயந்து இருந்த எங்களுக்கு அந்தச் செய்தி நம்ப முடியாததாக இருந்தது. கூடாரங்கள் போய்விட்டன. அப்படியொரு நாள் இங்கே நடந்தது என்பதை, அங்கே இருந்துகொண்டு பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

திரும்பும் டிக்கெட்டைப் போகும்போதே எடுத்துவிடுங்கள். இரவு பஸ்கள் பல வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஆள் ஏற்றிக்கொண்டுதான் ஏ9க்குத் திரும்புகின்றன, எங்கே ஏறுவது என்பதைப் பதிவு செய்யும்போதே சொல்லி வைக்கலாம்.

கடைசியாக, அதிபர்களிடமும் ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். வன்னிப் பாடசாலைகளிலிருந்து கொழும்புக்கு வரும் சுற்றுலா பஸ்கள் மிருகக்காட்சிச்சாலையையும் விமான நிலையத்தையும் தாமரைக் கோபுரத்தையும் காட்டிவிட்டு, நேரம் போதவில்லை என்று நூதனசாலையைக் கடந்து போய்விடுகின்றன. கோபுரம் 350 மீற்றர் உயரத்தில் நிற்கிறது, அதைப் பஸ்ஸில் இருந்தே பார்க்கலாம். அந்தக் கல்லைப் பார்க்க இறங்கித்தான் ஆகவேண்டும். காலை 9 மணிக்குக் கதவு திறக்கும். வரலாற்று ஆசிரியர் ஒருவர் முதல் நாளே வகுப்பில் அதைப் பற்றிச் சொல்லி வைத்தால், ஒரு மணித்தியாலத்தில் பார்த்துவிட்டு மிருகக்காட்சிச்சாலைக்கும் நேரத்துக்குப் போய்ச் சேரலாம்.